மராமத்து ஆபீஸிலிருந்து நிஜாம் தர்பாருக்கு

கேமராவால் ராஜா பட்டம் பெற்ற தீன்தயாளின் வாழ்க்கை

பிழைப்புக்காக ஊரை விட்டு வந்த நம்மவர் வீடுகளில், டிரங்குப் பெட்டியின் அடியில் ஒரு பழைய படம் இருக்கும். தாத்தா நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். பாட்டி பக்கத்தில் நிற்பாள். தாத்தா போட்டிருக்கும் கோட்டு ஸ்டூடியோக்காரருடையதாகக்கூட இருக்கலாம். ஆனால் நிமிர்ந்த அந்தப் பார்வை அவருடைய சொந்தப் பார்வைதான்.

இப்போது கைபேசியில் எல்லோரும் படம் எடுக்கிறோம். ஏர்பேடு ஸ்டேஷனில் ரேணிகுண்டா வண்டிக்குக் காத்திருக்கும் நேரத்திலேயே பத்துப் படம் எடுத்து ஊரிலுள்ள பெண்டு பிள்ளைகளுக்கு அனுப்பிவிடுகிறார்கள். 150 ஆண்டுகளுக்கு முன் நிலைமை வேறு. ஒரு படம் எடுப்பது என்றால் அரை நாள் பாடு. கேமராவும் பெரும்பாலும் வெள்ளைக்காரன் கையில்தான் இருந்தது.

அந்தக் காலத்தில், சர்க்கார் ஆபீஸில் மாதச் சம்பளத்துக்கு உத்தியோகம் பார்த்துக்கொண்டே கேமராவைக் கற்றுக்கொண்டார் ஒருவர். பிறகு ஊர் விட்டு ஊர் போய், ஹைதராபாத்தில் ராஜா என்ற பட்டமும் பெற்றார். அவர்தான் லாலா தீன்தயாள். நாற்காலியில் உட்கார்ந்து எழுதிப் பிழைக்கும் நமக்கெல்லாம் அவருடைய வாழ்க்கையில் தெரிந்துகொள்ள வேண்டியது இருக்கிறது.

படிப்பும் உத்தியோகமும்

தீன்தயாள் 1844ஆம் ஆண்டு மீரட்டுக்கு அருகேயுள்ள சர்தானாவில் ஒரு ஜைனக் குடும்பத்தில் பிறந்தார். ரூர்க்கியில் இருந்த தாம்ஸன் என்ஜினீயரிங் கல்லூரியில் படித்தார். நில அளவை, கட்டடங்களுக்குப் பிளான் வரைவது, செலவுக் கணக்குப் போடுவது ஆகியவை அங்கே அவர் கற்ற பாடங்கள்.

1866இல், 22 வயதில், இந்தூரில் மராமத்து இலாகா ஆபீஸில் வேலை கிடைத்தது. தலைமை எஸ்டிமேட்டர், டிராப்ட்ஸ்மேன் என்பது உத்தியோகத்தின் பெயர். கட்டப்போகும் பாலத்துக்கு எத்தனை செங்கல், எத்தனை வண்டிச் சுண்ணாம்பு என்று கணக்குப் பார்க்க வேண்டும். காகிதத்தில் கோடு போட வேண்டும். பிறந்த ஊரிலிருந்து பல நூறு மைல் தள்ளி வந்து பார்த்த வேலை அது.

எட்டு ஆண்டுகள் இப்படியே ஓடின. 1874இல், தம் 30ஆவது வயதில், போட்டோ எடுக்கக் கற்றுக்கொள்ளத் தொடங்கினார். முப்பது வயதுக்கு மேல் புதுத் தொழில் எதற்கு என்று நம்மில் பலர் சும்மா இருந்துவிடுகிறோம். அவர் அப்படி நினைக்கவில்லை. ஆபீஸ் வேலையையும் விடவில்லை.

ஒரு படத்துக்கு எவ்வளவு பாடு?

அவர் கற்ற முறையைத் தெரிந்துகொண்டால்தான் அவருடைய உழைப்பு விளங்கும். அப்போது பிலிம் கிடையாது. கண்ணாடித் தகட்டில்தான் படம் எடுக்க வேண்டும்.

வெடிபஞ்சை ஈதரிலும் ஆல்கஹாலிலும் கரைத்தால் பசை போன்ற ஒரு திரவம் கிடைக்கும். அதற்கு கொலோடியன் என்று பெயர். அதில் அயோடைடு உப்பைக் கலந்து, சுத்தமாகத் துடைத்த கண்ணாடியின் மேல் ஊற்றி, நாலு மூலைக்கும் ஒரே சீராகப் படரவிட வேண்டும். கை கொஞ்சம் நடுங்கினாலும் வரி வரியாகத் திட்டு விழும். பிறகு இருட்டறையில் வெள்ளி நைட்ரேட் கரைசலில் அந்தக் கண்ணாடியை முக்கி எடுக்க வேண்டும். அப்போதுதான் அதற்கு வெளிச்சத்தைப் பிடிக்கும் சக்தி வரும்.

ஈரம் காய்வதற்குள் கேமராவில் வைத்துப் படம் எடுத்து, உடனே இருட்டறைக்குத் திரும்பிக் கழுவியாக வேண்டும். எல்லாம் சில நிமிஷ வேலை. காய்ந்துவிட்டால் அத்தனையும் வீண். மத்திய இந்தியாவின் சித்திரை வெயிலில் அது எவ்வளவு சீக்கிரம் காயும் என்பதை, நம் ஏர்பேட்டு வெயிலை அனுபவித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே வெளியூர் போனால் கேமராவோடு இருட்டுக் கூடாரம், மருந்துப் புட்டிகள், தண்ணீர், கண்ணாடிப் பெட்டிகள் எல்லாம் கூடவே போக வேண்டும். படத்தைப் பெரிதாக்கிக்கொள்ளும் வசதியும் இன்று போல் இல்லை. 12 அங்குல நீளத்தில் படம் வேண்டுமானால் 12 அங்குலக் கண்ணாடியையே கேமராவுக்குள் வைக்க வேண்டும். கேமராவும் அதற்கேற்பப் பெட்டி போல இருக்கும்.

பிறகு காகிதத்தில் அச்சிட வேண்டும். முட்டையின் வெள்ளைக் கருவை உப்போடு சேர்த்துக் காகிதத்தில் தடவிக் காயவைத்து, வெள்ளி நைட்ரேட் பூசி, கண்ணாடி நெகடிவோடு சேர்த்துச் சட்டத்தில் வைத்து வெயிலில் காட்டுவார்கள். பழுப்புச் சாயலோடு படம் எழும்பி வரும். அந்தக் காலத்துப் படங்களில் தெரியும் செம்பழுப்பு நிறத்தின் ரகசியம் இதுதான்.

படம் எடுக்கும்போது சில வினாடிகள் ஆடாமல் அசையாமல் இருக்க வேண்டும். தலை ஆடாதிருக்க, பின்பக்கம் தெரியாதபடி இரும்புக் கவை ஒன்றைக் கழுத்துக்குத் தாங்கலாக வைப்பதும் உண்டு. அக்காலப் படங்களில் யாரும் சிரிக்காமல் விறைப்பாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

1880ஐ ஒட்டி, முன்கூட்டியே மருந்து பூசிக் காயவைத்த கண்ணாடித் தகடுகள் கடைக்கு வந்தன. வேலை சற்றே இலேசாயிற்று. தீன்தயாள் அந்தப் புது முறைக்கும் மாறிக்கொண்டார்.

யார் எடுத்தது, யாரை எடுத்தது?

1839இல் ஐரோப்பாவில் வெளியான போட்டோக் கலை அடுத்த ஆண்டே கல்கத்தாவுக்கு வந்துவிட்டது. நம் தமிழ்நாட்டிலும் 1858இல் லினேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி மதுரை மீனாட்சி அம்மன் கோயிலையும் தஞ்சைப் பெரிய கோயிலையும் படம் எடுத்தார். அவை அருமையான படங்கள். இன்றும் பாதுகாக்கப்படுகின்றன.

ஆனால் சர்க்கார் மனிதர்களைப் படம் எடுத்த விதம் வேறு. 1868 முதல் 1875 வரை, இந்திய மக்கள் என்ற தலைப்பில் எட்டுத் தொகுதிகளை ஆங்கில சர்க்கார் வெளியிட்டது. அதில் 400க்கும் மேற்பட்ட படங்கள் உண்டு. பெரும்பாலான படங்களில் இன்ன சாதி, இன்ன கூட்டம், இவர்கள் குணம் இப்படி என்று எழுதியிருப்பார்கள். படத்தில் இருப்பவனுக்குப் பெயர் இருக்காது. அவனுக்கு ஒரு பிரதி கொடுத்தார்களா என்ற கேள்வியே எழவில்லை. மியூசியத்தில் வண்ணத்துப்பூச்சியைக் குத்தி வைப்பது போல மனிதனை வைத்தார்கள்.

படம் எடுத்த முதல் இந்தியர் தீன்தயாள் அல்லர். லக்னோவில் அகமது அலி கான், பம்பாயில் நாராயண் தாஜி போன்றவர்கள் அவருக்கு முன்பே எடுத்திருக்கிறார்கள். ஜெய்ப்பூர் மகாராஜா ராம் சிங்கே கேமரா பிடித்தவர். ஆனால் நாடறிந்த தொழிலாக அதை நடத்தி, வெள்ளைக்காரக் கம்பெனிகளுக்குச் சமமாக நின்று காட்டியவர் தீன்தயாள்.

ஆபீஸ் வேலையும் கேமராவும்

இந்தூர் மகாராஜா இரண்டாம் துக்கோஜி ராவ் ஹோல்கர் அவரை ஆதரித்தார். கவர்னர் ஜெனரலின் பிரதிநிதியாக இந்தூரில் இருந்த சர் ஹென்றி டேலியும் அவருடைய திறமையைக் கண்டுகொண்டார். 1875-76இல் வேல்ஸ் இளவரசர் இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்தபோது படம் எடுக்கும் வாய்ப்பு தீன்தயாளுக்குக் கிடைத்தது. அவர் கேமராவைத் தொட்டு இரண்டு ஆண்டுகூட முடியாத சமயம் அது.

அடுத்து, டேலிக்குப் பின் வந்த சர் லெப்பல் கிரிபின் மத்திய இந்தியாவில் சுற்றியபோது தீன்தயாளும் உடன் போனார். சாஞ்சி ஸ்தூபம், குவாலியர் கோட்டை, கஜுராஹோ கோயில்கள் ஆகியவற்றைப் படமாக்கினார். இங்கேதான் மராமத்து ஆபீஸ் படிப்பு அவருக்குக் கைகொடுத்தது. தூணின் நேர்க்கோடு, கோபுரத்தின் உயரம், நிழல் விழும் பக்கம் எல்லாம் பிளான் வரைந்து பழகிய கண்ணுக்குத் தெரியும். அவருடைய கட்டடப் படங்களில் சுவர் சாயாது, கோடு கோணாது.

அந்தப் படங்களில் 80க்கும் மேற்பட்டவற்றோடு 1886இல் மத்திய இந்தியாவின் புகழ்பெற்ற சின்னங்களைப் பற்றி ஒரு பெரிய நூல் வெளிவந்தது. நூலாசிரியர் என்று இருப்பது கிரிபின் துரையின் பெயர். படங்கள் தீன்தயாளுடையவை. இன்று அந்த நூலைத் தேடுகிறவர்கள் படங்களுக்காகவே தேடுகிறார்கள்.

உத்தியோகத்தை விட்ட துணிச்சல்

1885இல் வைஸ்ராய் டப்ரின் பிரபு தமக்குரிய போட்டோகிராபராகத் தீன்தயாளை நியமித்தார். ஆபீஸ் நேரம் போக மீதி நேரத்தில் செய்யும் வேலையாக இது இனி இருக்க முடியாது என்ற கட்டம் வந்தது. நீண்ட லீவு எடுத்தார். பிறகு சர்க்கார் வேலையிலிருந்தே விலகிவிட்டார்.

இருபது ஆண்டுக்கால உத்தியோகம். மாதம் பிறந்தால் சம்பளம். இரண்டு மகன்கள் உள்ள குடும்பம். விட்டுவிட்டால் நாளைக்கு என்ன என்ற கேள்வி அவருக்கும் எழுந்திருக்கத்தான் வேண்டும். ஆனால் அவர் கண்ணை மூடிக்கொண்டு கிணற்றில் குதிக்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். பதினோரு ஆண்டுகள் இரண்டு வேலையும் பார்த்து, கை நன்றாகத் தேறி, பெயரும் பரவிய பிறகே நாற்காலியை விட்டு எழுந்தார்.

1886இல் செகந்திராபாத்தில் ஸ்டூடியோ திறந்தார். வாடியிலிருந்து செகந்திராபாத்துக்கு 1874இலேயே ரயில் வந்துவிட்டது. ராணுவ முகாம் ஒரு பக்கம், நிஜாமின் தலைநகர் ஒரு பக்கம். வெள்ளைக்கார சோல்ஜர்களும் அதிகாரிகளும் வந்தார்கள். நவாபுகளும் வந்தார்கள். இந்திக்காரரான தீன்தயாள் உருதுவும் தெலுங்கும் பேசும் ஊரில் கடை போட்டு நிலைத்தார். வேற்று மொழி ஊரில் காலூன்றுவது எப்படிப்பட்டது என்பது நமக்குத் தெரியாததா?

தங்கள் காலாலேயே நடந்து வந்தவர்கள்

ஆறாம் நிஜாம் மஹபூப் அலி கான் அவரை அரண்மனைப் போட்டோகிராபராக ஆக்கிக்கொண்டார். அரண்மனைகள், ராணுவ அணிவகுப்பு, விருந்து, வேட்டை எல்லாவற்றையும் தீன்தயாள் படமாக்கினார். 1894இல் ராஜா பகதூர் முசவ்விர் ஜங் என்ற பட்டத்தை நிஜாம் அளித்தார். முசவ்விர் என்றால் உருவங்களைத் தீட்டுபவர். ஜங் என்றால் போர். போர் வீரருக்குரிய பட்டம் ஒரு போட்டோக்காரருக்குக் கிடைத்தது.

ஆனால் பட்டத்தை விடப் பெரிய காரியம் ஸ்டூடியோவுக்குள் நடந்தது. அங்கே வந்தவனை யாரும் பிடித்து நிறுத்தவில்லை. அவனே தன் காலால் நடந்து வந்தான். காசு கொடுத்தான். எந்த உடுப்பைப் போடுவது, எப்படி உட்காருவது, பக்கத்தில் யார் நிற்பது என்பதெல்லாம் அவன் இஷ்டம். படமும் அவன் வீட்டுக்குப் போயிற்று. சர்க்கார் தொகுதியில் பெயரில்லாமல் கிடந்த இந்தியன், தீன்தயாளின் ஸ்டூடியோவில் வாடிக்கைக்காரன் ஆனான். நவாபு மட்டும் அல்ல, வசதியுள்ள நடுத்தரக் குடும்பங்களும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வந்தன.

கோஷாப் பெண்கள் வேற்று ஆண் முன்னால் வர மாட்டார்கள். அவர்களுக்காக 1892இல் ஹைதராபாத்தில் தனி ஸ்டூடியோ ஒன்றைத் திறந்தார். ஓர் ஆங்கிலேயப் பெண்மணி அதை நடத்தினார். உள்ளே படம் எடுப்பது, உதவி செய்வது எல்லாம் பெண்களே. தங்கள் முகம் படத்தில் எப்படி இருக்கும் என்று அறியாத பெண்கள் பலர் அதை முதன்முதலாகக் கண்டது அங்கேதான் இருக்கும்.

1893இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் அவருடைய படங்களுக்குப் பரிசு கிடைத்தது. 1896இல் பம்பாயில் பெரிய ஸ்டூடியோ ஒன்றைத் திறந்தார். 1897இல் விக்டோரியா ராணியின் போட்டோகிராபர் என்ற நியமனமும் வந்தது. மகன்கள் கியான் சந்தும் தரம் சந்தும் தொழிலில் சேர்ந்துகொண்டார்கள். ராஜா தீன்தயாள் அண்ட் ஸன்ஸ் என்பது நாடறிந்த பெயராயிற்று.

புலியும் பஞ்சமும்

அவருடைய குறையையும் சொல்லிவிட வேண்டும். துரைமார்களும் அரசர்களும் தங்களை எப்படிக் காட்டிக்கொள்ள விரும்பினார்களோ அப்படியே அவர் காட்டினார். பணம் அங்கிருந்துதான் வந்தது. 1902இல் வைஸ்ராய் கர்ஸன் பிரபுவும் அவர் மனைவியும் சுட்டு வீழ்த்திய புலியோடு நிற்கும் படம் மிகவும் பிரசித்தம். அது எடுக்கப்பட்ட நெக்கொண்டா, காஜிப்பேட்டைக்கும் விஜயவாடாவுக்கும் நடுவே உள்ள ரயில் நிலையம். நம்மில் எத்தனையோ பேர் அந்த வழியே போயிருப்போம்.

ஆனால் அதே காலத்தில் தக்காணத்தில் பஞ்சமும் தலைவிரித்தாடியது. நிஜாம் சர்க்கார் நடத்திய பஞ்ச நிவாரண வேலைகளைப் படம் எடுத்ததும் தீன்தயாள் நிறுவனமே. சர்க்கார் தன் நற்பணியைக் காட்டிக்கொள்ள எடுக்கச் சொன்ன படங்கள்தான் அவை. இருந்தாலும் கேமரா தன் முன்னால் இருப்பதை மறைப்பதில்லை. வரிசையாக உட்கார்ந்திருக்கும் மெலிந்த மனிதர்களைப் பார்த்தால் நிஜாமின் விருந்து மேஜை நினைவுக்கு வராமல் போகாது. இரண்டையும் அதே கவனத்தோடு எடுத்து வைத்தார். அதனால்தான் இன்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க நமக்கு முடிகிறது.

கண்ணாடியில் மிஞ்சியது

கடைசிக் காலம் அவருக்குச் சோகமாக அமைந்தது. 1904இல் மகன் தரம் சந்த் இறந்தார். மறு ஆண்டு, 1905 ஜூலையில், பம்பாயில் தீன்தயாளும் காலமானார். அவருக்கு வயது 61. ஆதரவளித்த நிஜாமும் 1911இல் மறைந்தார். தொழில் மெல்ல மெல்லச் சுருங்கிற்று.

பிறகு பல ஆண்டுகள் அந்தக் கண்ணாடி நெகடிவுகளைக் குடும்பத்தார் காப்பாற்றி வைத்திருந்தார்கள். 1989இல் டில்லியிலுள்ள இந்திரா காந்தி தேசியக் கலை மையம் அவற்றில் 2,857 நெகடிவுகளை வாங்கிப் பாதுகாப்பாக வைத்தது. 2006இல் தபால் இலாகா அவர் நினைவாக ஐந்து ரூபாய்த் தபால்தலை வெளியிட்டது.

நம் ஏர்பேட்டுக்குப் பக்கத்தில் பாப்பாநாயுடுபேட்டை இருக்கிறது. கண்ணாடியை உருக்கி மணி செய்யும் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர். கை தவறினால் தூள் தூளாகும் பொருள்தான் கண்ணாடி. ஆனால் பத்திரமாக வைத்தால் எத்தனை தலைமுறைக்கும் கெடாது. தீன்தயாள் தொட்டுக் கழுவிய தகடுகள் நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் துல்லியமாக இருக்கின்றன. எடுத்தவர் இல்லை, எடுக்கச் சொன்ன நிஜாமும் இல்லை. படத்தில் உள்ளவர்கள் இருக்கிறார்கள்.

அவர் தம் படங்கள் பலவற்றின் அடியில் எண்ணையும் இடத்தின் பெயரையும் தம் பெயரையும் பொறித்து வைத்தார். ஆபீஸில் பைலுக்கு நம்பர் போட்டுப் பழகிய கை அது. அந்த ஒழுங்கு இருந்ததால்தான் இது இன்ன கோட்டை, இவர் இன்ன நவாபு என்று இன்று அடையாளம் சொல்ல முடிகிறது. எழுதி வைக்காமல் விட்ட முகங்கள் யாருடையவை என்று இன்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

இதைப் படித்து முடித்ததும் வாசகர்கள் ஒரு காரியம் செய்யலாம். டிரங்குப் பெட்டியைத் திறந்து அந்தப் பழைய படத்தை எடுங்கள். தாத்தா பெயர், பாட்டி பெயர், ஊர், தெரிந்தால் வருஷம் எல்லாவற்றையும் பின்பக்கம் பென்சிலால் எழுதி வையுங்கள். பேனா வேண்டாம், மை ஊறிவிடும். விவரம் தெரிந்த பெரியவர்கள் ஊரில் இருந்தால் இந்த வாரமே கேட்டுக்கொள்ளுங்கள். இங்கே பிறந்து தெலுங்குப் பள்ளியில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு ஊரைப் பற்றி நாம் கொடுக்கக்கூடிய சொத்து அதிகம் இல்லை. அந்தப் படம் ஒன்று. அதில் உள்ளவர்களின் பெயர் மற்றொன்று. பெயர் போய்விட்டால் தாத்தாவும் சர்க்கார் தொகுதியில் உள்ள பெயரில்லாத மனிதரைப் போல யாரோ ஒருவர் ஆகிவிடுவார்.